"அப்பத்தா எந்த ஊருக்குப் போயிருக்கு?" வெளிநாட்டில் வளரும் பிள்ளையிடம் சாவை எப்படிச் சொல்வது?

பங்குனி மாசம். நாகலாபுரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் களத்தில் மிளகாய்ப் பழம் காய்ந்துகொண்டிருந்தது. ஸ்கூல் லீவுக்கு ஷார்ஜாவிலிருந்து வந்திறங்கிய என் அண்ணன் மகளுக்கு ஒன்பது வயசு. செருப்பைக்கூடக் கழற்றாமல் அறை அறையாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் கேட்டாள்: "அத்தை, அப்பத்தா எந்த ஊருக்குப் போயிருக்கு? எப்ப வரும்?"

அவளோட அப்பத்தா, அதாவது என் அம்மா, முந்தின கார்த்திகையில் களையெடுப்பு நேரத்தில் இறந்துபோனார். கிடைத்த டிக்கெட்டில் அண்ணன் மட்டும் ஓடி வந்தான். அண்ணியும் பிள்ளையும் வர முடியவில்லை. வீடியோ காலில் அவள் அப்பத்தாவைக் கேட்டபோது, "அப்பத்தா ஊருக்குப் போயிருக்காங்கடா" என்று சொன்னது வேறு யாருமில்லை, நான்தான்.

நீங்களும் இப்படிச் சொல்லியிருப்பீர்கள். நம்ம பக்கம் பிள்ளைகளிடம் சாவைச் சொல்ல இருப்பது மூணு வாக்கியம்தான்: 'சாமிகிட்ட போயிட்டாங்க', 'தூங்குறாங்க', 'ஊருக்குப் போயிருக்காங்க'. இதில் மூணாவதுதான் வெளிநாட்டில் வளரும் பிள்ளையை ரொம்பக் குழப்பும். அந்தப் பிள்ளைக்கு 'ஊருக்குப் போறது' என்றால் ஏர்போர்ட், டிக்கெட், திரும்பி வரும் தேதி. அவங்க அப்பாகூட ஊருக்குப் போனவர்தானே? போனார், பத்து நாளில் திரும்பி வந்தார். அப்படியென்றால் அப்பத்தாவும் வந்துதானே ஆகணும்!

ஹங்கேரியைச் சேர்ந்த உளவியலாளர் மரியா நாஜி, குழந்தைகள் சாவை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று ஆராய்ந்து 1948-ல் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் இன்றும் பேசப்படுவது. ஐந்து வயசுக்கு உட்பட்ட பிள்ளைகள் சாவைத் திரும்பி வரக்கூடிய ஒரு பயணம்போல, ஒரு தூக்கம்போல நினைக்கிறார்கள். ஒன்பது, பத்து வயசு வாக்கில்தான் அது எல்லோருக்கும் வரும், வந்தால் முடிந்தது என்று புரிகிறது என்றார் அவர். ஆக, நாம் சொல்லும் சமாதானமெல்லாம் சின்னப் பிள்ளையின் தப்பான கணக்கை 'சரி' என்று டிக் அடித்துக் கொடுக்கிற வேலை.

என் மருமகளுக்கு ஒன்பது வயசாச்சே, புரியாமலா கேட்டாள்? புரிந்துதான் கேட்டிருக்கிறாள். 'இன்னும் எத்தனை நாளைக்கு என்கிட்ட மறைக்கப்போறீங்க?' என்பதுதான் அந்தக் கேள்வி. எனக்கு அது விளங்க ரெண்டு நாள் ஆச்சு.

நெய்ப்பந்தம் பிடிக்காத பேத்தி

நம்ம கரிசல்காட்டுப் பெரியவர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிடத் தெளிவாக இருந்தார்கள். வயசாளி இறந்தால் பேரன் பேத்திகள் நெய்ப்பந்தம் பிடித்து வருவார்கள். பிள்ளைக்கும் அங்கே ஒரு வேலை உண்டு. முகம் பார்க்கும், சுற்றி வரும், கை சுடாமல் பந்தத்தைப் பிடிக்கும். 'இது நடந்துவிட்டது' என்று அதன் உடம்புக்கே தெரிந்துவிடும். கேதம் கேட்க வருகிறவர்கள் அழுவதையும், அழுது முடித்துக் காபி குடிப்பதையும், இறந்தவரைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்கப் பேசுவதையும் பிள்ளை பார்க்கும். ஷார்ஜாவில் நாலாவது மாடியில் இருக்கும் பிள்ளைக்கு இதில் ஒன்றுமே கிடைக்கவில்லை. கிடைத்ததெல்லாம் போன் திரையில் கொஞ்சம் கூட்டம், அதற்குள் யாரோ கட் பண்ணிய கால்.

விட்டுப்போன இதை எதை வைத்து ஈடுகட்டுவது? நான் பிடித்துக்கொண்டது ஒரு சிறார் நாவலை. அமெரிக்க எழுத்தாளர் வீரா ஹிரானந்தானி எழுதி 2018-ல் வந்த 'தி நைட் டைரி'. மறு வருஷம் அமெரிக்காவின் நியூபெரி ஆனர் அங்கீகாரம் பெற்ற புத்தகம்.

கதை நடப்பது 1947-ல். சிந்து மாகாணத்தில் மீர்ப்பூர் காஸ் என்ற ஊர். நிஷாவுக்குப் பன்னிரண்டு வயசு. அமில் அவளோடு பிறந்த இரட்டை. இவர்களைப் பெற்றபோதே அம்மா இறந்துவிட்டாள். அப்பா டாக்டர், இந்து. அம்மா முஸ்லிம். நிஷா அதிகம் பேசாத பெண். வீட்டுச் சமையல்காரர் காஸி பிறந்தநாளுக்கு ஒரு டைரி கொடுக்கிறார். அதில் ராத்திரி ராத்திரி அவள் எழுதுகிறாள், இறந்துபோன அம்மாவுக்கு.

ஆகஸ்ட்டில் நாடு ரெண்டாகிறது. எல்லைக்கோடு எது என்று சுதந்திரம் வந்து ரெண்டு நாள் கழித்து, 17-ம் தேதிதான் வெளியே சொன்னார்கள். நிஷா ஓரடி நகரவில்லை. அவளுடைய ஊர் வெளிநாடாகிவிட்டது. காஸியை விட்டுவிட்டு, அப்பா, பாட்டி, தம்பியோடு ஜோத்பூரை நோக்கி நடக்கிறாள். தண்ணீர் தீர்ந்துபோகிறது. வழியில் அம்மாவின் சகோதரர் வீட்டில் ஒளிந்திருக்கிறார்கள். அம்மா வாழ்ந்த மண்ணைத் தாண்டிப் போனால் அம்மாவையும் விட்டுவிட்டுப் போவதாகுமோ என்ற தவிப்பு டைரி முழுக்க ஓடுகிறது. ஆசிரியரின் அப்பா குடும்பமே மீர்ப்பூர் காஸிலிருந்து ஜோத்பூருக்கு வந்ததுதான்.

நான் ஆங்கிலத்தில் வாசித்து, நம்ம பேச்சில் ராத்திரி கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன். வன்முறை வரும் இடங்களைக் குறைத்துக்கொண்டேன். பத்து வயசுக்கு மேல் என்றால் அப்படியே கொடுக்கலாம். அதற்குக் கீழே பக்கத்தில் நீங்கள் இருக்கணும்.

ஒப்பாரியும் டைரியும்

மூணாவது ராத்திரி மருமகள் கேட்டாள், "செத்தவங்களுக்கு எப்படி லெட்டர் எழுதலாம்? படிக்க மாட்டாங்கல்ல?" 'செத்தவங்க' என்று முதலில் சொன்னது அவள்தான், நாங்கள் யாரும் இல்லை.

அப்பத்தான் எனக்கு அம்மாவின் எழவு வீடு ஞாபகம் வந்தது. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்களே, அது யாரைப் பார்த்து? ஊரைப் பார்த்தா? இறந்தவளைப் பார்த்து, 'நீ' என்றுதானே ஒவ்வொரு வரியும். எனக்கு இதைச் செய்தாயே, இப்படி விட்டுட்டுப் போனாயே என்று நேருக்கு நேர் கேட்பது. பதில் வராது என்று தெரிந்தேதான் கேட்கிறார்கள். நிஷா எழுதுவதும் அதேதான்.

இன்னொரு நாவலும் இதே வழியில் போவது தற்செயலாக இருக்காது. சென்னையில் பிறந்து அமெரிக்காவில் வாழும் பத்மா வெங்கட்ராமன், அடிப்படையில் கடலியல் விஞ்ஞானி. அவர் எழுதிய 'தி பிரிட்ஜ் ஹோம்' 2019-ல் வந்தது. அடிக்கும் அப்பாவிடமிருந்து தப்பி, பெருநகரத்தில் ஒரு பாழடைந்த பாலத்தில் தங்கி, குப்பை பொறுக்கிப் பிழைக்கும் விஜி, அக்கா ருக்குவைப் பறிகொடுக்கிறாள். மொத்த நாவலும் விஜி அந்த அக்காவிடம் பேசுவதுதான். என்னால் தன்னைக் காப்பாற்ற முடியவில்லையே என்ற குற்ற உணர்ச்சியை அவள் வேறு யாரிடம் சொல்லுவாள்? பிள்ளைகள் இப்படி ஒன்றை உள்ளுக்குள் வைத்திருப்பார்கள். நாம் கேட்பதே இல்லை.

என் மருமகளிடமும் ஒன்று இருந்தது. கடைசி வீடியோ காலில் அப்பத்தா கூப்பிட்டபோது, கேம் விளையாடிக்கொண்டிருந்தவள் "அப்புறம் பேசுறேன்" என்று போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டாளாம். நாலு மாசமாக இதைச் சுமந்திருக்கிறது பிள்ளை.

இந்த மாதிரி நாவலைச் சாவு நடந்த வாரமே கையில் திணிக்காதீர்கள். படித்த பிறகு 'என்ன புரிஞ்சது?' என்று பரீட்சை வைக்காதீர்கள். முதலில் உண்மையை 'இறந்துட்டாங்க' என்ற சொல்லாலேயே சொல்லிவிடுங்கள். அதைச் சொல்லாமல் நாவலைச் சொல்லவிடுவது, நான் செய்ததுபோல, கோழைத்தனம். பிள்ளை அஞ்சு நிமிஷம் அழுதுவிட்டு ஓடிப்போய் விளையாடினால் 'மறந்துட்டா' என்று நினைக்காதீர்கள். பிள்ளைகளின் துக்கம் அப்படித்தான், விட்டு விட்டு வரும். ஊருக்கு வரும்போது இறந்தவரின் பொருளில் ஒன்றைப் பிள்ளையையே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இவள் எடுத்தது அப்பத்தாவின் சுருக்குப்பை. நாங்கள் தங்கத் தோடு கொடுக்க இருந்தோம்.

நாலாம் நாள் காலையில் களத்து மேட்டில் உட்கார்ந்து அவளுக்கு எல்லாம் சொன்னேன்: என்ன வியாதி, எந்தக் கிழமை, யார் யார் வந்தார்கள், எங்கே எரித்தோம். "அப்பத்தாவுக்கு வலிச்சுச்சா?" என்று கேட்டாள். "கொஞ்சம் வலிச்சது" என்றேன். அண்ணன் சாயங்காலம் அவளைச் சுடுகாட்டுக்குக் கூட்டிப்போனான். பொம்பளைப் பிள்ளையை எதுக்கு அங்கே என்று தெருவில் ரெண்டு பேர் சொன்னார்கள். சொல்லட்டும்.

ஷார்ஜாவுக்குத் திரும்பிப் போனபின் ஒரு நோட்டு போட்டு எழுதுகிறாளாம், பாதி தமிழ், பாதி இங்கிலீஷ். போன வாரம் போனில் கேட்டாள், "அத்தை, நீயும் அப்பத்தாவுக்கு எழுதுறியா?"

"இல்லடி, இன்னும் எழுதல" என்றேன்.