நாஸ் திறக்கவில்லையா? ரீசெட் பட்டனைத் தொடாதீர்கள்!

சென்ற ஆண்டு களமருதூரில் இருந்து அப்பா போன் செய்தார். "ராத்திரி கரண்ட் போய் வந்ததுல இருந்து அந்தப் பெட்டி திறக்கலப்பா. பின்னால ஒரு சின்ன ஓட்டை இருக்கும், பின்னை விட்டு அமுக்கினா புதுசு மாதிரி ஆயிடும்னு கடையில சொன்னாங்க. பின் கையிலதான் இருக்கு."

"அப்பா, முதல்ல அந்தப் பின்னைக் கீழ வைங்க" என்றேன்.

அந்தப் பெட்டியில்தான் தங்கையின் கல்யாண வீடியோவும், ஆயா உயிரோடு இருந்தபோது எடுத்த படங்களும் இருந்தன. வேறு காப்பி கிடையாது. (தப்பு என்னுடையதுதான். அதைக் கடைசியில் சொல்கிறேன்.)

பெட்டி என்று அப்பா சொன்னது நாஸ், அதாவது நெட்வொர்க் அட்டாச்டு ஸ்டோரேஜ். ஹார்ட் டிஸ்க்குகளைக் கொண்ட சிறிய கம்ப்யூட்டர் இது. மானிட்டர், கீபோர்டு கிடையாது. ரவுட்டருடன் இணைத்துவிட்டால் வீட்டிலுள்ள எல்லாக் கம்ப்யூட்டர்களும் மொபைல்களும் இதில் பைல்களைப் போட்டு எடுக்கலாம். திறக்கவில்லை என்றதும் டிஸ்க் போய்விட்டது என்று பலர் பயப்படுகிறார்கள். பெரும்பாலும் டிஸ்க் நன்றாகவே இருக்கும். அதற்குப் போகும் வழிதான் அடைபட்டிருக்கும். ரீசெட் பட்டன் கருவிக்குக் கருவி வேறு வேலை செய்யும். சிலவற்றில் பாஸ்வேர்டு மட்டும் பழைய நிலைக்குப் போகும், சிலவற்றில் எல்லா செட்டிங்குகளும் போகும். உங்கள் மாடலின் கையேட்டைப் படிக்காமல் அதில் கை வைக்க வேண்டாம்.

முதலில் விளக்கைப் பாருங்கள். கேபிள் செருகிய இடத்தில் சிறிய விளக்கு மின்னினால் நாஸும் ரவுட்டரும் பேசிக்கொள்கின்றன. மின்னவில்லை என்றால் கேபிளைப் பிடுங்கி, ரவுட்டரில் வேறு துளையில் செருகிப் பாருங்கள். டிஸ்க் விளக்கு சிவப்பாக எரிந்தாலோ, டக் டக் என்று சத்தம் வந்தாலோ மட்டும் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு நாஸை அணைத்துவிடுங்கள். அது வேறு வியாதி.

அப்பா வீட்டில் விளக்கு மின்னியது. எனவே அடுத்த சந்தேகம் முகவரி மீது. ரவுட்டர், தன்னிடம் வரும் ஒவ்வொரு கருவிக்கும் 192.168.1.7 என்பது போல ஓர் ஐபி எண் கொடுக்கிறது. அது நிரந்தரம் அல்ல. கரண்ட் போய் வந்ததும் பல ரவுட்டர்கள் யாருக்கு எந்த எண் கொடுத்தோம் என்ற பட்டியலை மறந்துவிடுகின்றன. நாஸ் முழுதாக எழுந்திருக்க இரண்டு மூன்று நிமிடமாகும். அதற்குள் டிவியோ மொபைலோ முந்திக்கொண்டு அந்த எண்ணை வாங்கிவிடலாம். கம்ப்யூட்டரில் நாம் போட்டு வைத்த ஷார்ட்கட் மட்டும் பழைய எண்ணிலேயே கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். தபால்காரர் பழைய வீட்டுக்கே போவது போல!

புதிய எண்ணைக் கண்டுபிடிக்க, பிரவுசரில் 192.168.1.1 (சில ரவுட்டர்களில் 192.168.0.1) என டைப் செய்து என்டர் தட்டுங்கள். ரவுட்டரின் அடியில் ஒட்டியுள்ள யூசர் நேம், பாஸ்வேர்டு கொடுத்தால் இணைந்துள்ள கருவிகளின் பட்டியல் வரும். நாஸின் ஸ்டிக்கரில் உள்ள மேக் அட்ரஸை அதில் தேடுங்கள். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். பழைய எண் 7. இப்போது 12! பைல் எக்ஸ்ப்ளோரரின் அட்ரஸ் பாரில் \\192.168.1.12 என டைப் செய்யச் சொன்னேன். கதவு திறந்தது. ரவுட்டரிலேயே டிஹெச்சிபி ரிசர்வேஷன் என்ற இடத்தில் இந்த மேக் அட்ரஸுக்கு இந்த எண்தான் என்று பதிந்துவிட்டால் அடுத்த பவர்கட்டுக்குப் பயமில்லை.

உங்கள் கம்ப்யூட்டரின் எண்ணே 169.254 என்று தொடங்கினால், அதற்கு ரவுட்டரிடமிருந்து எண் கிடைக்கவே இல்லை என்று அர்த்தம். கம்ப்யூட்டருக்கு 192.168.0, நாஸுக்கு 192.168.1 என்று இருந்தால் வீட்டில் இரண்டு ரவுட்டர்கள் தனித்தனி ராஜ்யம் நடத்துகின்றன. வைஃபை எட்டவில்லை என்று நீங்கள் வாங்கிய இரண்டாவது ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றுங்கள். விருந்தினருக்கான கெஸ்ட் வைஃபையில் இருந்தும் நாஸ் பொதுவாகத் தெரியாது.

அப்பாவுக்குக் கதவு திறந்தாலும் உள்ளே விடவில்லை, பாஸ்வேர்டு கேட்டது. அவர் விண்டோஸ் பின் நம்பரைப் போட்டுக்கொண்டே இருந்தார். நாஸுக்கு அந்த எண் தெரியாது. நாஸில் உருவாக்கிய யூசர் நேமும் பாஸ்வேர்டும்தான் வேண்டும். சரியாகக் கொடுத்தும் மறுத்தால், கண்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து, நாஸின் பெயரில் சேமிக்கப்பட்ட பழைய பதிவை நீக்கிவிட்டு மீண்டும் முயலுங்கள். பாஸ்வேர்டே இல்லாமல் கெஸ்ட்டாகத் திறந்து பழகியவர்களுக்கு, 2024-ல் வந்த விண்டோஸ் 11 24ஹெச்2 ப்ரோவில் அது இயல்பாக நடக்காது. நாஸில் முறையாக ஒரு யூசரை உருவாக்கிக்கொள்ளுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய நாஸ் திறக்கவில்லை என்றால், விண்டோஸ் பீச்சர்ஸ் பட்டியலில் எஸ்எம்பி 1.0-க்கு டிக் போடச் சொல்லும் நண்பர்கள் உண்டு. போடாதீர்கள். எஸ்எம்பி என்பது பைல்களைப் பகிர விண்டோஸ் பேசும் மொழி. பெரும்பாலான நாஸ்களுக்குள் ஓடுவது லினக்ஸ்; ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் தொடங்கிவைத்த சாம்பா மென்பொருள்தான் அங்கே இந்த மொழியைப் பேசுகிறது. எஸ்எம்பியின் முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான் 2017 மே 12-ல் வான்னாக்ரை உலகெங்கும் பரவி, பைல்களைப் பூட்டிப் பணம் கேட்டது. அதே ஆண்டு இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து எஸ்எம்பி 1 இயல்பாக நிறுவப்படுவதில்லை. நாஸின் பர்ம்வேரை அப்டேட் செய்து, எஸ்எம்பி 2 அல்லது 3-ஐத் தேர்வு செய்வதே சரி. அது முடியாத நாஸ் என்றால் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது.

வெளியூரில் இருந்து திறக்க வசதியாக இருக்குமே என்று நாஸை நேரடியாக இன்டர்நெட்டுக்குத் திறந்துவிடவும் கூடாது. 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் வைத்திருந்த பலர், காலையில் எழுந்து பார்த்தபோது பைல்கள் எல்லாம் அழிந்திருந்தன. யாரோ தொலைவில் இருந்தே ரீசெட் செய்திருந்தார்கள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனதும் முதல் வேலையாக 2 டிபி யுஎஸ்பி டிஸ்க் ஒன்றில் எல்லாவற்றையும் காப்பி செய்ய உட்கார்ந்தேன். நாஸில் இரண்டு டிஸ்க் இருக்கிறதே, ஒன்று போனால் மற்றொன்று இருக்கும் என்ற தைரியத்தில் இத்தனை நாள் காப்பி எடுக்காமல் இருந்தேன். தவறுதலாக ஒரு போல்டரை அழித்தால் இரண்டிலும்தான் அழியும்! லேப்டாப்பையும் கேபிளில் இணைத்தேன். வேகம் நொடிக்கு 11 எம்பிக்கு மேல் ஏறவில்லை. 1 டிபிக்கு ஒரு நாளுக்கு மேல் ஆகும். ஜிகாபிட் இணைப்பில் 110 வரை வர வேண்டும். கேபிளுக்குள் உள்ள எட்டுக் கம்பிகளில் ஒன்று அறுந்தாலும் இணைப்பு சத்தமில்லாமல் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடலாம். நாஸின் கேபிளை மாற்றினேன். மதியம் சாப்பிட்டு எழுவதற்குள் பாதிக்கு மேல் முடிந்திருந்தது.