ஹோட்டன் சமவெளி: விடியலில் போங்க, மெதுவா நடங்க

ஹோட்டன் சமவெளிக்கு ஏறும் வேன்களில் முக்கால்வாசி 'உலக முடிவை' நோக்கியே ஓடுகின்றன. ஏறக்குறைய 870 மீட்டர் செங்குத்தாக இறங்கும் மலை விளிம்பு அது. பார்க்க வேண்டிய இடந்தான், மறுக்கவில்லை. ஆனால் பனிமூட்டம் மூடுமுன் அங்கே போய்ச் சேர்ந்து படம் எடுத்தாக வேண்டும் என்று ஓட்டமும் நடையுமாகப் போகிறவர்கள் கண்ணில் வேறொன்றும் படுவதில்லை. "மிருகம் ஒண்ணுமில்லீங்க டீச்சர், வெறும் புல்லுதான்" என்று என்னிடமே குறைப்பட்டவர்கள் உண்டு.

நான் டயகமவில் பிறந்தவள். ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளில் படிப்பித்து ஓய்வு பெற்றவள். எங்கள் லயத்துக்கு மேலே தேயிலை, அதற்கு மேலே காடு, காட்டுக்கும் மேலே சமவெளி. அந்தக் காட்டையும் வெட்டித் தேயிலை போடாமல் வெள்ளைக்காரன் ஏன் விட்டான்? 1873இல் லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்துக்குத் தலைமை தாங்கிய ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளைத் தொடாதீர்கள் என்று ஆலோசனை சொன்னார். காடு போனால் ஆறு போகும் என்பதே கணக்கு. எல்லா இடத்திலும் அதைக் கேட்டார்கள் என்று சொல்ல முடியாது, நுவரெலியாவில் 6,000 அடியிலும் தேயிலை இருக்கிறது. சமவெளி மட்டும் தப்பியது. மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் இங்கிருந்து தண்ணீர் போகிறது. டயகம வழியாக இறங்கும் ஆக்ரா ஓயாவின் தண்ணீர்தான் தலவாக்கலையில் மேல் கொத்மலை அணைக்கும் வந்து சேர்கிறது. 1969இல் இயற்கை ஒதுக்கிடம், 1988இல் தேசிய பூங்கா, 2010இல் மத்திய மலைநாட்டின் பகுதியாக உலக மரபுரிமை. 3,160 ஹெக்டேயர் நிலத்துக்கு இத்தனை பட்டங்கள் கிடைத்தன.

கடந்த மாசி மாதம் மகனும் பேத்தியும் நானும் ஹட்டனிலிருந்து நடுச்சாமம் கழிந்து கிளம்பினோம். நுவரெலியா, அம்பேவெல, பட்டிப்பொல என்று ஏறி, ஆறு மணிக்கு வாயில் திறக்கும்போது வரிசையில் நின்றோம். ரொட்டியும் கட்டாச் சம்பலும் வாழை இலையில் கட்டியிருந்ததால் சோதனையில் எங்களுக்குச் சிக்கல் இல்லை. முன்னால் நின்றவர்களின் பொலித்தீன் பைகளை எல்லாம் வாங்கி வைத்தார்கள். தண்ணீர்ப் போத்தலில் ஒட்டியிருந்த லேபலைக்கூட உரித்துவிட்டுத்தான் உள்ளே விட்டார்கள். சனம் முணுமுணுத்தது. என்னைக் கேட்டால், நாட்டில் ஒழுங்காக நடக்கிற காரியங்களில் இது ஒன்று.

வாயில் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே பேத்தி என் கையைப் பிடித்து இழுத்தாள். "அப்பாயி, அங்க பாருங்க, மாடு!" மாடு இல்லை, மரை. உறைபனி வெளுத்துக் கிடந்த புல்லில் ஒரு கூட்டம் தலை தூக்காமல் மேய்ந்துகொண்டிருந்தது. மார்கழி முதல் மாசி வரை இங்கே சில இரவுகளில் குளிர் பூச்சியத்துக்கும் கீழே போகும். மரை விடியலிலும் அந்தியிலும் வெளியில் மேயும். வெயில் ஏறினால் காட்டோரம் ஒதுங்கிவிடும். பத்து மணிக்கு வந்து இறங்குகிறவர்களுக்கு வெறும் புல் மட்டும் தெரிவதற்குக் காரணம் அதுதான். 1840களில் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் நாய்களை விட்டு இந்த மரைகளைத்தான் துரத்தி வேட்டையாடினார். அவர் பெயரில் இப்போது உள்ளே ஒரு நீர்வீழ்ச்சி இருக்கிறது. அந்தக் காலத்தில் இங்கே யானையும் திரிந்தது. இன்று ஒன்றுகூட இல்லை.

வண்டி நிறுத்தும் இடத்தில் நான் பார்த்த மரை வேறு மாதிரி. நல்ல கொம்புள்ள ஆண், வேன் வேனாகப் போய் ஜன்னலில் மூஞ்சியை நீட்டிக்கொண்டு நின்றது. பிஸ்கட் கொடுத்துப் பழக்கியது நாம்தான். பிஸ்கட்டோடு உறையும் வயிற்றுக்குள் போகிறது. பயம் விட்டுப்போன அந்தக் கொம்பனிடம் போய்ப் பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திப் படமெடுக்கிறார்கள். கொம்புக்குப் பிள்ளை எது, பிஸ்கட் எது என்று தெரியாது.

சுற்றுப்பாதை ஏறக்குறைய ஒன்பதரை கிலோமீட்டர். மூட்டுவலிக்காரி நான் மெதுவாகத்தான் நடந்தேன். அது நல்லதாய்ப் போயிற்று. பாசி படர்ந்த மரத்தண்டில் ஒட்டிக்கொண்டிருந்த கொம்பு ஓணானை வேகமாய்ப் போனவர்கள் யாரும் பார்க்கவில்லை. ஆணுக்கு மூக்கு நுனியில் வெள்ளையாக ஒரு கொம்பு. இலங்கையின் மலைக்காட்டைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இது கிடையாது. இதே காட்டில் இன்னொரு குட்டை ஓணான் இருக்கிறது. அது முட்டையிடாது, குட்டி போடும். எங்கள் பாடப்புத்தகத்தில் ஓணான் முட்டையிடும் என்று நான் எத்தனை வருடம் படிப்பித்தேன்!

உலக முடிவுக்குப் போனபோது வெறும் வெள்ளை. மகனுக்குக் கோபம். அதே நேரம் காட்டுக்குள்ளிருந்து 'ஹூ' என்று ஒரு உறுமல் எழுந்தது. மலைநாட்டுக் குளிருக்கென்று அடர்த்தியாய் ரோமம் வளர்த்த கருமந்தி. கிளை அசைவதைப் பார்த்தோம், உடம்பைப் பார்க்கவில்லை. காதோரம் மஞ்சள் கீற்றுள்ள கொண்டைக்குருவிகள் மட்டும் கையெட்டும் தூரத்தில் பழம் தின்றுகொண்டிருந்தன. அவையும் இந்தத் தீவுக்கே உரியவை. சமவெளித் தேவாங்கு வேண்டுமென்றால் ஆசையை விட்டுவிடுங்கள். அது இரவில் நடமாடுவது. 1937க்குப் பிறகு விரல்விட்டு எண்ணக்கூடிய தடவைதான் கண்டிருக்கிறார்கள், அழிந்துவிட்டது என்றே நினைத்திருந்தார்கள். 2010இல்தான் அதன் புகைப்படம் வெளிவந்து உலகமே பார்த்தது.

திரும்பி வரும் வழியில் பாதை நடுவே ஒரு எச்சம். வழிகாட்டித் தம்பி குச்சியால் கிளறிக் காட்டினார்: உள்ளே முழுக்க மரை ரோமம். சிறுத்தை போயிருக்கிறது. எங்களுக்குக் காட்சி கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

பேத்திக்கு அது பெரிய ஏமாற்றம். நான் அவளுக்குச் சொன்னது இதுதான்: சிறுத்தைக்குப் பூங்கா எல்லை தெரியாது. காட்டுத் தொங்கலில் இறங்கித் தேயிலைக்குள் படுக்கும், பீலிக்கரை வரை வரும், லயத்து நாயைத் தூக்கும். ஹட்டன், நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கம் கொழுந்தெடுக்கிறவர்கள் அதைக் கண்டிருக்கிறார்கள். பயம் நியாயமானது. ஆனால் நம் மலைகளில் அதைச் சாகடிப்பது பெரும்பாலும் பயமில்லை, சுருக்குக் கம்பி. மரக்கறித் தோட்டத்தைக் காக்கவும் இறைச்சிக்காகவும் காட்டுப் பன்றிக்கு வைத்த கம்பி சிறுத்தையின் இடுப்பில் இறுகுகிறது. பிய்த்துக்கொள்ளப் பார்க்கப் பார்க்க உள்ளே வெட்டுகிறது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதித் தோட்டமொன்றில் சிக்கிய அரிய கருஞ்சிறுத்தை, சிகிச்சைக்கு உடவளவைக்குக் கொண்டுபோயும் சில நாட்களில் செத்தது. நாடு முழுவதும் வளர்ந்த சிறுத்தைகள் ஆயிரத்துக்கும் குறைவு என்கிறது மதிப்பீடு. பணம் கட்டி அதைப் பார்க்கச் சமவெளிக்குப் போகிறோம். வீட்டுக்குப் பின்னால் கம்பி வைக்கிறோம்.

ஆகவே இந்த விடுமுறைக்குப் போகிறவர்கள் பிஸ்கட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். தோட்டத்தில் இருப்பவர்கள், மலையில் சுருக்குக் கம்பி கண்டால் கண்டும் காணாததுபோல் போகாதீர்கள். சிக்கிய சிறுத்தைக்குக் கிட்டப் போகாமல், கூட்டம் கூட்டாமல், வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு ஓர் அழைப்பு எடுங்கள்.