இறுவட்டுக் காட்சியும் படத்தொகுப்பும்

பிறர் எடுத்த காட்சிகளைத் தொகுத்துப் புதுப்பொருள் காணும் மரபு இன்று தோன்றியதன்று. சார் மன்னர் குடும்பம் தனக்கென எடுப்பித்த படச்சுருள்களையும் பழைய செய்திப்படங்களையும் வெட்டி இணைத்தே, 1927 இல் சோவியத் படத்தொகுப்பாளர் எஸ்பிர் ஷூப் 'றோமனோவ் வம்சத்தின் வீழ்ச்சி'யை உருவாக்கினார். அரச பெருமைக்கான காட்சியே அரசு மீதான விமர்சனமாயிற்று. இத்தகைய முயற்சிக்குப் பல வேளைகளில் நமக்குக் கிட்டும் மூலப்பொருள் டிவிடி இறுவட்டேயாகும். அதன் இயல்பை நாம் முதலில் அறிதல் வேண்டும்.

படச்சுருளின் ஒவ்வொரு சட்டகமும் தன்னளவில் முழுமையானது, எங்கும் வெட்டலாம். 1996 இல் யப்பானில் அறிமுகமான டிவிடியின் நிலை வேறு. எம்பெக்-2 எனும் சுருக்கமுறையில், ஏறத்தாழ அரைச் செக்கனுக்கு ஒரு சட்டகமே முழுமையாகப் பதியப்படுகின்றது. இடைப்பட்டவை அயற் சட்டகங்களினின்று தாம் வேறுபடும் அளவை மட்டுமே கொண்டுள்ளன. ஆதலின், நினைத்த இடத்தில் வெட்டினால், எஞ்சும் சட்டகம் தனக்கு ஆதாரமானதை இழந்து சிதையக்கூடும்.

எனவே, இறுவட்டின் கோப்பை ஒவ்வொரு சட்டகமும் முழுமையாயுள்ள புரோரெஸ் போன்றதொரு வடிவத்துக்கு மாற்றிய பின்னரே தொகுப்பைத் தொடங்குதல் தகும். இம்மாற்றம் இழந்த நுணுக்கத்தை மீட்டுத் தராது. மேலும் இழவாது காக்கும். இறுதிச் சுருக்கத்தை ஒரு முறையே செய்தல் வேண்டும். மீண்டும் மீண்டும் சுருக்கினால் முதலில் மங்குவன, கூட்டத்தினுள் ஒரு முகமும் பதாகையின் எழுத்துகளுமே. ஆவணப்படத்தில் சான்றாக நிற்பவையும் அவையே என்பது மனங்கொள்ளத்தக்கது.

இனி, உரிமை பற்றிய வினா. வணிக இறுவட்டுகளிற் பெரும்பாலானவை குறியாக்கப் பூட்டுடன் வருவன. அப்பூட்டைத் திறத்தலை ஐக்கிய அமெரிக்காவின் 1998 ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. விமர்சனத்துக்காகச் சிறு பகுதிகளை எடுக்கும் பல்கலைக்கழக ஆசிரியர், திரைப்படக் கல்வி மாணவர், ஆவணப்பட ஆக்குநர் ஆகியோருக்கு 2010 இல் விலக்களிக்கப்பட்டது. இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் விமர்சனம், கற்பித்தல், ஆய்வு ஆகியவற்றுக்கான நியாயமான பயன்பாட்டை ஏற்கின்றது. ஆயினும், பயன்பாட்டின் நியாயமும் பூட்டைத் திறக்கும் உரிமையும் வெவ்வேறு வினாக்களாகும்.

நூலை விமர்சிப்போன் அதிலிருந்து ஒரு வரியை எடுத்துக்காட்ட எவர் அனுமதியையும் வேண்டுவதில்லை. காட்சியை விமர்சிப்போனுக்கு மட்டும் அவ்வுரிமை மறுக்கப்படுமாயின், வரலாற்றின் பிம்பங்கள் அவற்றை விற்போரின் உடைமையாகவே எஞ்சும். தொழில்நுட்ப அறிவும் உரிமைக்கான குரலும் ஒருங்கே வேண்டப்படுவது இதனாலேயே.