தமிழ்த் திரையில் ஏன் ஆங்கில வரி?

உடப்பிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: போனைத் தமிழுக்கு மாற்றியும், ஒரு செயலியில் 'பணம் அனுப்பு' என்ற பொத்தானுக்கு நேர்கீழே ஆங்கில வரி நிற்கிறதாம். போன் பழுதா என்று கேட்கிறார். பழுது போனில் இல்லை.

ஒரே செயலிதான் கொழும்பிலும் சென்னையிலும் சிங்கப்பூரிலும் ஓடுகிறது. வேலை செய்யும் நிரல் ஒன்று. திரையில் தெரியும் சொற்கள் தனிக் கோப்பில். எங்கள் கரையில் ஒரே படகில் சூடைக்கு ஒரு வலை, இறாலுக்கு வேறு வலை ஏற்றுகிறோம், எஞ்சினில் கைவைப்பதில்லை. அதே ஏற்பாடு.

ஆண்ட்ராய்டில் இந்தக் கோப்புகள் தேடப்படும் வரிசைதான் எனக்கு மிகப் பிடித்தது. இலங்கைத் தமிழ் என்று அமைத்த போன் முதலில் இலங்கைத் தமிழ்க் கோப்பைப் பார்க்கும். அங்கே இல்லையா, பொதுத் தமிழ்க் கோப்பு. அதிலும் இல்லையா, மூலக் கோப்பு. அது பெரும்பாலும் ஆங்கிலம். ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியே இந்தத் தேடல் நடக்கிறது. ஆகவே இலங்கைக்கென்று எல்லாவற்றையும் மறுபடி மொழிபெயர்க்க வேண்டியதில்லை. வேறுபடும் வரிகளை மட்டும் வைத்தால் போதும். முகவரிப் படிவத்தில் 'மாநிலம்' இருந்த இடத்தில் 'மாகாணம்', அவ்வளவுதான். அதைக்கூடச் செய்யாமல் சிலாபத்து ஆளிடம் எந்த மாநிலம் என்று கேட்கிறார்கள்.

வாசகர் கண்ட வரியும் இப்படி வந்து விழுந்ததாகவே இருக்கும். புதிய வசதியைச் சேர்த்தவர்கள் தமிழ்க் கோப்பில் அதற்கொரு வரி எழுதாமல் வெளியிட்டுவிட்டார்கள். செயலி நின்றுபோகாமல் ஆங்கிலத்தைக் காட்டிச் சமாளிக்கிறது. நல்ல ஏற்பாடு, ஆனால் அதுவே சோம்பலுக்குத் துணையாகிவிட்டது. பணம் கைமாறும் இடத்தில், புரியாத வரிக்குக் கீழே 'சரி' என்று அழுத்தவைப்பது அநியாயம். 1987 முதல் தமிழும் அரசகரும மொழியாக உள்ள நாடு இது.

சிலாபம் தொடக்கம் நீர்கொழும்பு வரை கடற்றொழில் குடும்பங்கள் பலவற்றில் வீட்டுப் பேச்சு தமிழ், பள்ளிப் படிப்பு சிங்களம். பெயரையும் ஊரையும் வைத்து இவர்களின் மொழியைச் செயலி ஊகிக்கக் கூடாது, கேட்க வேண்டும். 2016இல் வந்த ஆண்ட்ராய்டு 7 பல மொழிகளை வரிசையாக வைக்க வழிசெய்தது: தமிழ் இல்லாத செயலி, அடுத்து வைத்த சிங்களம் அதில் இருந்தால் சிங்களத்தில் திறக்கும். 2022இன் ஆண்ட்ராய்டு 13இல் ஒவ்வொரு செயலிக்கும் வெவ்வேறு மொழி வைக்கலாம், செயலியைச் செய்தவர்கள் இடம்கொடுத்திருந்தால்.

உடப்பு வாசகரே, அந்தத் திரையைப் படம்பிடித்துச் செயலியின் உதவிப் பகுதிக்கு அனுப்புங்கள். விடுபட்ட வரி எதுவென்று தெரிந்தால் தமிழ்க் கோப்பில் அதை எழுதிச் சேர்த்தால் போதும். நிரலைத் தொடவே வேண்டியதில்லை.