படம் வருகிறது, சத்தம் எங்கே?

ஊரில் தங்கைக்குக் கல்யாணம். லீவு கிடைக்கவில்லை. முகூர்த்தத்தை நேரடி ஒளிபரப்பிலாவது குடும்பத்தோடு பார்க்கலாம் என்று கம்ப்யூட்டரை டி.வி.யில் இணைக்கிறீர்கள். மாப்பிள்ளை தாலி கட்டுவது தெரிகிறது. கெட்டிமேளம் மட்டும் கேட்கவில்லை! உடனே மெக்கானிக்கைத் தேடி ஓட வேண்டாம். பெரும்பாலும் செட்டில் கோளாறு இருக்காது.

முதலில் டி.வி.யின் வால்யூமைப் பாருங்கள். அடுத்தது கேபிள். மூன்று வரிசையில் 15 ஊசிகளுக்கு இடமுள்ள வி.ஜி.ஏ. கேபிள், 1987-ல் வந்த முறை. அது படத்தை மட்டுமே சுமக்கும். சத்தத்துக்கு, கம்ப்யூட்டரின் ஹெட்போன் துளையிலிருந்து டி.வி.யின் 'ஆடியோ இன்' துளைக்குத் தனி ஒயர் போட வேண்டும். அந்தத் துளை இல்லாத டி.வி. என்றால் தனி ஸ்பீக்கரில் செருகுங்கள்.

எச்.டி.எம்.ஐ. கேபிள் படம், சத்தம் இரண்டையும் கொண்டுபோகும். அப்படியும் டி.வி. ஊமையாக இருந்தால், கம்ப்யூட்டர் சத்தத்தைத் தன் ஸ்பீக்கருக்கே அனுப்பிக்கொண்டிருக்கலாம். விண்டோஸ் திரையின் வலது கீழ் மூலையிலுள்ள ஸ்பீக்கர் படத்தைத் தட்டி, பட்டியலில் டி.வி.யின் பெயரைத் தேர்ந்தெடுங்கள். பெயரே இல்லையா? கேபிளைக் கழற்றி மாட்டி, கம்ப்யூட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

இதையெல்லாம் முதல் நாளே செய்து பார்ப்பது நல்லது. முகூர்த்தம் யாருக்காகவும் காத்திருக்காது!