பழங்கொலுவும் புதுப்பொம்மையும்

நவராத்திரிதோறும் புதிய பொம்மை ஒன்றேனும் வாங்கிக் கொலுவிற் சேர்த்தல் வேண்டும் என்பது நம் நாட்டு இல்லங்களில் நெடுங்காலமாக வழங்கிவரும் முறை. ஆதலின் எந்தக் கொலுவும் ஒரே காலத்தில் ஒரே கையாற் செய்யப்பட்டதாக இருத்தல் அரிது. பாட்டியார் மணமகளாய் வந்தபொழுது சீருடன் கொணர்ந்த மரப்பாச்சியும், அவர்தம் மகன் காலத்துக் காகிதக்கூழ்ப் பொம்மையும், சென்ற வாரம் கடைத்தெருவில் வாங்கிய பாரிஸ் சாந்துப் பொம்மையும் ஒரே படியில் ஒன்றையொன்று நெருங்கி நிற்கும். கந்தர்வக்கோட்டை தஞ்சைக்கும் புதுக்கோட்டைக்கும் இடைப்பட்ட பெருவழியில் உள்ளது. தஞ்சையோ தலையாட்டிப் பொம்மைக்குப் பேர்போனது. புதுக்கோட்டையோ, நவராத்திரியில் அரிசியோடு அம்மன் காசும் வழங்கிய சமஸ்தானம். இவ்விரண்டிற்கும் நடுவே வாழ்வார்க்குக் கொலு புதிதன்று. பழையனவற்றோடு புதியதை எங்ஙனம் பொருத்துவது என்னும் வினாவும் புதிதன்று.

இவ்வினாவிற்குப் பலர் எளிதில் காணும் விடை, பழைய பொம்மைகளுக்கெல்லாம் பளபளக்கும் எனாமல் வர்ணம் பூசிப் புதியவற்றோடு ஒன்றாக்கிவிடுதலாம். இதனை யாம் முற்றும் மறுக்கின்றோம். பழைய வர்ணத்தின்கீழ் இருப்பது ஒருவர் கைத்திறம். புருவத்தை ஒரே இழுப்பில் எழுதிய அக்கை மீண்டும் வாராது. எனாமலை ஒருமுறை பூசியபின் அதனை நீக்கப் புகின் அடியிலுள்ள வர்ணமும் உடன் உரிந்துபோம். அன்றியும், பழைய வர்ணங்கள் சிலவற்றில் ஈயம் கலந்திருத்தல் உண்டு. வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கிற்கு மிகலாகாது என்னும் விதி இந்தியாவில் 2017 நவம்பரிற்றான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே பழம்பொம்மையை உப்புத்தாள் கொண்டு தேய்த்தல், அத்தூசியைச் சுவாசிக்கும் சிறுவர்க்குத் தீங்காய் முடியும். புதியதே பழையதற்கு இணங்கி வருதல் வேண்டும்.

மேனாட்டிலும் இத்தொல்லை உண்டு. எச். ஜி. வெல்ஸ் என்னும் ஆங்கில ஆசிரியர் 1913-ஆம் ஆண்டில் பொம்மைச் சிப்பாய்களைக் கொண்டு போர் விளையாடும் முறையை ஒரு சிறு நூலாக வெளியிட்டார். அவர் காலத்துச் சிப்பாய்கள் பெரும்பாலும் 54 மில்லிமீட்டர் உயரத்தன. பிற்காலத்தார் 25 மில்லிமீட்டர் உருவங்களை மேற்கொண்டனர். அவையும் நாளடைவில் 28 மில்லிமீட்டராய்ப் பருத்தன. முப்பது ஆண்டுகட்குமுன் ஒரு படையைச் சேர்த்து வர்ணந்தீட்டி வைத்தவர், இன்று அதற்குத் துணைப்படை வாங்கின், புதியவர் பழையவர்முன் அரக்கர்போல் நிற்கக் காண்பர். இவ்விளையாட்டில் தேர்ந்தோர் கண்ட உபாயங்கள் நம் கொலுவிற்கும் பெரிதும் பயன்படுவன.

முதலாவது, உயரத்தைத் தலைப்பாகையின் உச்சிவரை அளவாது, பாதத்தினின்று கண்வரை அளத்தல் வேண்டும். பேண்டு வாத்தியக்காரர் செட்டில் இருவர் உடைந்து போயினர் எனக் கொள்வோம். புதிதாய் வாங்கும் இருவரின் கண்கள் மற்றையோர் கண்களோடு ஒரே வரிசையில் நிற்பின், தொப்பி சற்று உயர்ந்திருப்பினும் குற்றம் தோன்றாது. குள்ளமாயின் அடியில் மெல்லிய பலகை ஒன்று வைத்து உயர்த்தலாம். ஆனால் தலையும் கையும் பருத்த பொம்மைக்கு மருந்தில்லை. அதனை வேறு படிக்கு மாற்றுவதே தக்கது.

வர்ணத்தைப் பற்றிச் சிறிது விரிவாகவே கூறல் வேண்டும். பழம்பொம்மையின் வெண்மை சுண்ணமும் பசையும் கலந்த வெண்மை. அதன்மேல் பூசிய வார்னிஷ் ஆண்டுகள் செல்லச்செல்ல மஞ்சளித்துவிடும். இக்காலத்து வெண்மையோ டைட்டானியம் என்னும் உலோகத்தினின்று பெறுவது; அது கண்ணைப் பறிக்கும். ஆதலின் புதிய வெண்மையில் காவி ஒரு துளி சேர்த்தல் நன்று. அங்ஙனமே கருப்பிலும் சிறிது பழுப்புச் சேர்ப்பின் கோடுகள் இளகித் தோன்றும். சிவப்பை மாத்திரம் பகலொளியில் ஒப்புநோக்கி அமைதல் கூடாது. வேறுவேறு பொருள்களாற் செய்த இரு சிவப்புகள் பகலில் ஒன்றாய்த் தோன்றி, விளக்கொளியில் வேறாய்ப் பிரிதல் உண்டு. ஒவ்வொரு பொருளும் ஒளியின் கூறுகளைத் தத்தம் இயல்பிற்கேற்பத் திருப்பி அனுப்புதலே இதற்குக் காரணம். கொலுவைக் காண வருவோர் மாலையில் அன்றோ வருவர்! எண்ணெய் விளக்கின் மஞ்சளொளி பல வேற்றுமைகளை மறைத்தருளியது. இன்றைய வெண்மின்விளக்கு ஒன்றையும் மறைப்பதில்லை. எந்த விளக்கில் கொலு வைக்கப்படுமோ அந்த விளக்கிலேயே வர்ணத்தைச் சோதித்துக் கொள்க.

நிறத்தைக் காட்டிலும் முன்னதாகக் கண்ணிற் படுவது மினுக்கு. பத்தடி தூரத்தில் நிற்பவர்க்கு இரு நீலங்களின் வேற்றுமை தெரியாது. ஒன்று மின்னுவதும் மற்றொன்று மங்கியிருப்பதும் உடனே தெரியும். புதியதன்மேல் மினுக்கில்லாத வார்னிஷ் ஒரு பூச்சுப் பூசினால் பாதி வேலை முடிந்தது. எஞ்சிய பாதியைப் பீடத்தின் விளிம்பு செய்யும். பழையவற்றின் விளிம்பு பச்சையாயின் புதியதற்கும் அதே பச்சையைத் தீட்டுக. ஒரே விளிம்புடையன ஒரே குடும்பம் என்று கண் கருதிவிடும்.

கிறிஸ்து பிறப்புக் குடிலுக்கும் இவை ஒக்கும். மதுரையையடுத்த விளாச்சேரியில் கொலுப் பொம்மை செய்யும் கைகளே குடிலுக்குரிய உருவங்களையும் செய்கின்றன. குடிலில் ஒரு வசதி மிகுதி: சிறிய ஆடுகளையும் இடையரையும் பின்னே குன்றின்மேல் நிறுத்தினால் அவை தொலைவில் உள்ளனபோல் தோன்றும். இத்தாலியிலுள்ள நேப்பிள்ஸ் நகரத்துக் குடிற்கலைஞர் இதனைப் பண்டே கையாண்டனர். கொலுப்படியில் இவ்வுபாயம் செல்லாது. அங்கே தெய்வங்கள் மேற்படியில் வீற்றிருத்தலின் சிறியனவற்றைப் பின்தள்ள வழியில்லை.

பழையனவற்றைத் துடைக்கும்போது தண்ணீர் தொடுதல் ஆகாது. பசை கரைந்து வர்ணம் கையோடு வந்துவிடும். மெல்லிய மயிர்த்தூரிகையே போதும். திருவிழா முடிந்து பொம்மைகளைப் பழந்துணியிற் சுற்றிப் பெட்டியில் அடுக்குமுன், புதியதன் அடியில் வாங்கிய ஆண்டையும் ஊரையும் பென்சிலால் எழுதிவைக்க. மையால் எழுதின் சாந்தில் ஊறிப் பரவிவிடும்.