நெகிழ்வட்டும் மூலபாடமும்: ஆரம்பகாலக் கணனிச் சமூகங்களின் எழுத்துகளை மீட்டல் பற்றிச் சில குறிப்புகள்

ஒரு மக்கட் குழுவினரின் பேச்சு எழுத்தாகி, அவ்வெழுத்து அடுத்த தலைமுறையினருக்குக் கிடைப்பது தற்செயலான காரியமன்று. எழுதும் கருவி யாருக்குச் சொந்தமாயிருந்தது, படியெடுக்கும் உழைப்பை யார் செலுத்தினர், பேணுவதற்கான செலவை யார் ஏற்றனர் என்னும் வினாக்களுக்கு விடை காணாமல் ஓர் ஆவணத்தின் இருப்பையோ இன்மையையோ விளக்க இயலாது. ஏட்டுச்சுவடிகள் குறித்து இவ்வினாக்களை நமது ஆய்வாளர் ஓரளவிற்கேனும் எழுப்பியுள்ளனர். ஆனால், 1978 முதல் 1990களின் நடுப்பகுதி வரை வட அமெரிக்காவில் தனியாட் கணனியையும் தொலைபேசிக் கம்பியையும் கொண்டு உருவாகிய எழுத்துச் சமூகங்களைப் பற்றிய பேச்சு, பழம்பொருள் சேர்ப்போரின் பொழுதுபோக்காகவே பெரிதும் கருதப்பட்டு வந்துள்ளது. அக்கணிப்பு ஏற்கத்தக்கதன்று. அவ்வெழுத்துகளுட் கணிசமான பகுதி இன்று நெகிழ்வட்டுகளிலேயே கிடக்கின்றது; அவற்றை வாசித்தெடுப்பது மூலபாடத் திறனாய்வின் ஒரு கிளை எனக் கொள்ளத்தக்கது.

இவற்றின் முன்னோடி முயற்சி 1973ஆம் ஆண்டிற்குரியது. கலிபோர்ணியாவின் பேர்க்லி நகரில், லெப்போல்ட்ஸ் என்னும் இசைத்தட்டுக் கடையில் ஒரு ரெலிரைப் இயந்திரம் வைக்கப்பட்டது. ஸான் பிரான்ஸிஸ்கோவிலிருந்த ஒரு பெருங்கணனியுடன் அது இணைக்கப்பட்டிருந்தது. ‘கொமியூனிட்டி மெமரி’ எனப்பட்ட இம்முயற்சியை நடத்தியோர், யுத்த எதிர்ப்பியக்கச் சூழலில் வளர்ந்த இளைஞர். கணனி என்பது இராணுவத்திற்கும் வங்கிக்கும் மட்டும் உரியதன்று எனக் காட்டுவதே அவர்தம் நோக்கமாயிருந்தது. வீடு, வாகனம், வேலை பற்றிய அறிவித்தல்கள் வரும் என அவர்கள் எதிர்பார்த்தனர். அவற்றுடன் கவிதையும் கிண்டலும் புனைபெயர் மாந்தரும் வந்து சேர்ந்தனர். எனினும், பெருங்கணனியைப் பேணும் செலவு இவ்வகை முயற்சிக்குத் தாங்கக்கூடியதாயிருக்கவில்லை. 1975இன் தொடக்கத்தில் இம்முதற்கட்டம் முடிவுற்றது. 1978 பெப்ரவரியில் சிக்காகோவில் வாட் கிறிஸ்டென்ஸன், ரண்டி சூஸ் என்னும் இருவர் தொடக்கிய ‘கணனி அறிவித்தற் பலகை’ இச்சிக்கலை வேறுவழியில் அவிழ்த்தது. ஒரு வீட்டுக் கணனி, ஒரு மொடெம், ஒரு தொலைபேசி இணைப்பு, அவ்வளவே. ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே அழைத்து வாசிக்கவும் எழுதவும் முடியும். செக்கனுக்கு ஏறத்தாழ 30 எழுத்துகளே கம்பியிற் சென்றன. ஆயினும், உற்பத்திச் சாதனம் எழுதுவோரின் வீட்டிற்குள் வந்துவிட்டது என்பதே இங்கு முக்கியமானது. பின்னர் இத்தகைய பலகைகள் பல்கிப் பெருகின. ‘டெக்ஸ்ட்பைல்ஸ்’ ஆவணத் தொகுப்பினைப் பேணும் ஜேஸன் ஸ்கொட் திரட்டிய பட்டியலில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டவை இடம்பெறுகின்றன.

இப்பலகைகளின் எழுத்து எவ்வாறு தப்பிப் பிழைத்தது? பலகை நடத்துநரின் கணனியில் அது பெரும்பாலும் நிலைத்திருக்கவில்லை. இடவசதி குறைவாயிருந்தமையால் பழைய செய்திகள் ஒழுங்காக நீக்கப்பட்டன. 20 மெகாபைட்டு வன்தட்டு ஒன்றின் உள்ளடக்கத்தை அக்காலத்து 360 கிலோபைட்டு நெகிழ்வட்டுகளிற் பிரதிசெய்ய ஏறத்தாழ 57 வட்டுகள் வேண்டும். அத்தொடரில் ஒன்று கெட்டாலும், அதிற் பிரித்து வைக்கப்பட்ட கோப்பு முழுமை பெறாது.

எழுத்தைப் பெரிதும் காத்தது தொலைபேசிக் கட்டணம் எனின் வியப்பாயிருக்கலாம். ஐக்கிய அமெரிக்காவில் வீட்டுத் தொலைபேசியின் உள்ளூர் அழைப்புகள் பல இடங்களில் நேரத்திற்கேற்பக் கட்டணம் விதிக்கப்படாதவை. தூர அழைப்போ செலவு மிக்கது. ஆகவே பலகைச் சமூகம் இயல்பாகவே ஊர்ச் சமூகமாக அமைந்தது. ஊருக்கு அப்பாற் செய்தியனுப்ப 1984இல் ரொம் ஜெனிங்ஸ் உருவாக்கிய ‘பைடோநெற்’, கட்டணம் குறைந்த நள்ளிரவு வேளையில் ஒரு பலகை இன்னொன்றை அழைத்து மடலைக் கைமாற்றுமாறு வகுக்கப்பட்டிருந்தது. 1990களின் நடுப்பகுதியில் அதன் கணுக்கள் 30,000ஐத் தாண்டின. ஒரே விவாதம் நூற்றுக்கணக்கான பலகைகளிற் படியெடுக்கப்பட்டது; ஓரிடத்து அழிவு முற்றழிவாகவில்லை. வாசகரும் கட்டணத்திற்கு அஞ்சினர். ஒற்றை இணைப்பிற்காகக் காத்திருக்கும் பிறரையும் எண்ணினர். 1987இற் தோன்றிய ‘கியூ.டபிள்யூ.கே.’ என்னும் பொதிமுறை புதிய செய்திகளையெல்லாம் ஒரே கோப்பாகச் சுருக்கிக் கொடுத்தது. வாசகர் அதனை இறக்கிக்கொண்டு, தொலைபேசியை வைத்துவிட்டு, ஆறுதலாக வாசித்து மறுமொழி எழுதினர். அப்பொதிகள் அவரவர் நெகிழ்வட்டுகளிற் சேர்ந்தன. கூட்டு நினைவைச் சிதறிக் கிடக்கும் தனியாட் பெட்டிகளிற் பாதுகாத்தது பொருளியல் நெருக்கடியேயன்றி எவரதும் ஆவணப் பற்றன்று.

இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்வினையும் நோக்க வேண்டும். ஐ.பி.எம்., சியர்ஸ் என்னும் பெருநிறுவனங்கள் நடத்திய ‘புரொடிஜி’ சேவை 1988இற் தொடங்கியது. 1990இல், மாதத்திற்கு 30 மடல்களுக்கு மேற்பட்டவற்றுக்கு மடலொன்றுக்கு 25 சதம் அறவிட அது முனைந்தபோது, சந்தாதாரர் அச்சேவையினூடாகவே எதிர்ப்பைத் திரட்டினர். நிறுவனம் எதிர்ப்பாளர் சிலரின் கணக்குகளை மூடியது. அப்பழைய சேவை 1999இல் நிறுத்தப்பட்டது. உரையாடல் முழுவதும் நிறுவனத்தின் நடுவண் கணனியிலேயே இருந்தது; சந்தாதாரரின் வட்டில் இருந்தது வேகத்திற்காக வைக்கப்பட்ட ஒரு தேக்கக் கோப்பு மட்டுமே. 2010களில் நிரலர் ஒருவர், பழைய வட்டுகளிற் கிடந்த அக்கோப்புகளைப் பிரித்து வாசிக்கும் முறையைக் கண்டறிந்தார். மீண்டவற்றுட் பெரும்பாலானவை நிறுவனத்தின் பக்கச் சட்டகங்களும் விளம்பரங்களுமாம். மக்கள் எழுதியது போயிற்று. மக்களுக்கு விற்கப்பட்டது மிஞ்சிற்று. சொத்துடைமை ஆவணத்தின் உள்ளடக்கத்தை நிருணயிப்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டுத் தேடுதல் வேண்டா.

இனி, மீட்கும் முறையை நோக்குவோம். நெகிழ்வட்டு என்பது பொலியெஸ்ரர் தகட்டின்மீது இரும்பு ஒட்சைட்டுத் துகளைப் பிணைபொருளாற் பூசிய ஒன்று. ஈரலிப்பால் அப்பிணைபொருள் சிதையும், பூஞ்சணமும் படரும். எமது நாட்டுத் தட்பவெப்பத்தில் வட்டு வைத்திருந்தோர் இதனை நன்கறிவர். பூஞ்சணம் பிடித்த வட்டினை அப்படியே செலுத்தியிற் புகுத்துதல் பெருந்தவறு: வாசிப்புத் தலை பூச்சினைச் சுரண்டிவிடும், அவ்வழுக்கு அடுத்த வட்டினையும் கெடுக்கும். எனவே முதலில் உறையினூடாகப் பார்த்தல், தேவையெனில் உறையைப் பிரித்துத் தகட்டைத் துடைத்தல், ஒவ்வொரு வாசிப்பின் பின்னரும் தலையை ஐசோபுறொப்பைல் மதுசாரத்தாற் சுத்தஞ்செய்தல் என்பன வேண்டப்படுகின்றன. எழுதுதலைத் தடுக்க, ஐந்தேகால் அங்குல வட்டாயின் விளிம்பு வெட்டினை மூடவேண்டும். மூன்றரை அங்குல வட்டாயின் துளையைத் திறக்கவேண்டும். இவ்வெதிர்மறையால் மோசம்போனவர் பலர்.

பழைய கணனி ஒன்றிற் செருகிக் கோப்புகளைப் பிரதிசெய்வது எளிது போலத் தோன்றும். ஆனால் அக்கணனியின் கட்டுப்படுத்தி தான் ஏற்கும் வடிவத்தையே வாசிக்கும். சரிபார்ப்பெண் பொருந்தாவிடின் ‘வாசிக்க இயலாது’ என்று கைவிரிக்கும். இப்போது கையாளப்படும் முறை வேறு. தகடு சுழலும்போது காந்தத் திசை மாறும் ஒவ்வொரு கணத்தையும் ஒரு கருவி பதிவுசெய்கின்றது. 360 கிலோபைட்டு வட்டில் இம்மாற்றங்களுக்கிடையேயான இடைவெளி 4, 6, 8 மைக்குரோ செக்கன் என்னும் மூன்றில் ஒன்றாயிருத்தல் வேண்டும். முதிர்ந்த வட்டில் 4 என்பது 4.7 ஆகவும், 6 என்பது 5.2 ஆகவும் நழுவும். மூலச் சமிக்ஞை கையிலிருந்தால் வட்டினை மீண்டும் தொடாமலே அதனைப் பல்வேறு முறையிற் பொருள்கொண்டு பார்க்கலாம். பல சுழற்சிகளின் வாசிப்புகளை ஒப்பிடலாம். ஓலை முறிந்த இடத்து எழுத்தினைப் பிற பிரதிகளுடன் ஒப்புநோக்கித் துணிந்த பதிப்பாசிரியரின் தொழிலுக்கு இது மிக நெருங்கியது. ‘கிரையோபிளக்ஸ்’ என்னும் கருவி இத்துறையில் முதலிற் பரவியது. அதன் மென்பொருள் நிறுவனத்திற்குரியது. அதற்குத் தெளிவான கைநூல் இன்மையால் ஆவணக்காப்பாளர் தாமே கூடி ஒன்றை எழுத வேண்டியதாயிற்று. பின்னர் வந்த ‘கிறீஸ்வீஸில்’ எவரும் செய்துகொள்ளக்கூடிய திறந்த வடிவமைப்பு. சில பத்து டொலருக்குக் கிடைக்கின்றது. எமது நூலகங்களுக்கு ஏற்றது பின்னையதே.

சமிக்ஞை பைட்டாகிவிட்டமையால் அது பாடமாகிவிட்டதெனக் கொள்ளலாகாது. மேற்சொன்ன பொதியில் வரிமுடிவைக் குறிப்பது 227ஆம் எண், அக்கால ஐ.பி.எம். எழுத்தட்டவணையில் அவ்வெண் கிரேக்க எழுத்தாகிய பை. இதனை அறியாதவர்க்கு ஒவ்வொரு வரியின் முடிவிலும் பை எழுத்து நிற்பது புதிராகத் தோன்றும். தமிழ் வட்டுகளின் நிலை இதனிலும் சிக்கலானது. பாமினி எழுத்துருவில் எழுதப்பட்ட கோப்பொன்றில் ‘தமிழ்’ என்னும் சொல் ஜே, கே, பி, ஓ என்னும் உரோம எழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவுமே சேமிக்கப்பட்டுள்ளது. எழுத்துரு இன்னதெனக் கோப்புக் கூறுவதில்லை. வாசிப்பவரே ஊகித்துணர வேண்டும்.

மிகக் கடினமான பிரச்சினை தொழில்நுட்பத்தைச் சார்ந்ததன்று. 1985இல் ஸான் பிரான்ஸிஸ்கோவில் பென் கார்டினர் எயிட்ஸ் நோய் பற்றிய தகவற்பலகை ஒன்றைத் தொடக்கினார். அந்நோய்க்கான முதல் மருந்து ஐக்கிய அமெரிக்காவில் அனுமதி பெற்றதே 1987இற்றான். அரசு அசட்டையாயிருந்த காலத்தில், மருந்து, வைத்தியர், இறப்பு, துணை பற்றி நோயுற்றோர் தம்முட் பேசிக்கொள்ள இத்தகைய பலகைகள் இடமளித்தன. பலர் புனைபெயரில் எழுதினர்; பெயர் வெளிப்பட்டால் வேலையும் வீடும் காப்புறுதியும் பறிபோகலாம். இவ்வகை வட்டொன்றினை முழுமையாகப் படியெடுக்கும்போது நீக்கப்பட்ட கோப்புகளும் உடன் வந்துவிடுகின்றன. ஏனெனில் டொஸ் முறையில் நீக்குதல் என்பது பெயரின் முதலெழுத்தை மாற்றி, இடத்தை வெற்றிடமெனக் குறித்தலே. மேலெழுதப்படும்வரை உள்ளடக்கம் அங்கேயே கிடக்கும். எழுதியவர் அழித்ததாக நம்பிய மடல் முப்பது, நாற்பது ஆண்டுகளின் பின் ஆய்வாளரின் மேசைக்கு வருகின்றது.

வரலாற்றிற்குத் தேவை என்ற பெயரில் இதனை அப்படியே வெளியிடுதல், ஒடுக்கப்பட்டோரின் நம்பிக்கையை இரண்டாம் முறை மீறுவதாகும் என்பதே எமது கருத்து. முழுப் படியினை மூடிய பேழையில் வைத்து, நீக்கப்படாத பொதுச் செய்திகளை மட்டும் வாசகருக்கு அளித்தல் நடைமுறைச் சாத்தியமானது. ‘பிட்கியூறேற்றர்’ போன்ற மென்பொருட்கள் படியிலுள்ள தொலைபேசி எண்களையும் முகவரிகளையும் முன்கூட்டியே தேடிக் காட்டுகின்றன. பொதிகளைப் பொறுத்தவரை எழுதியவரின் விருப்பமே கோப்பிற் பதிந்துள்ளது: ஒவ்வொரு செய்தியின் தலைப்புப் பகுதியும் ஒரு குறியுடன் தொடங்கும், அது கூட்டற் குறியாகவோ உடுக்குறியாகவோ இருப்பின் அச்செய்தி தனிப்பட்டது. அவற்றைப் பிரித்து வைத்தபின்னரே ஏனையவற்றை வாசிக்கத் தொடங்கலாம்.